உவமையே இல்லாத தனிமை: குறுந்தொகை 6ஆம் பாடலில் அணி எங்கே இருக்கிறது?

மணிக்கூண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அடுத்த வாரம் குறுந்தொகையின் 6ஆம் பாடலை நடத்த வேண்டும். பதுமனார் பாடியது, நெய்தல் திணை, திருமணத்திற்கு முன் பொருள் தேடப் பிரிந்த தலைவனை எண்ணி ஆற்றாத தலைவி தோழியிடம் சொல்வதாகத் துறை. பாடல் நான்கே அடி:

நள்ளென் றன்றே யாமம் சொல்அவிந்து
இனிதுஅடங் கினரே மாக்கள் முனிவுஇன்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

ஊரும் உலகமும் உறங்க, நான் ஒருத்தி மட்டும் உறங்காதிருக்கிறேன் என்கிறாள். என் சிக்கல் இதுதான். மாணவர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு தேர்வு வழிகாட்டி, 'இப்பாடலில் உவமையணியும் தற்குறிப்பேற்ற அணியும் பயின்று வந்துள்ளன' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. (தற்குறிப்பேற்றம் என்பது இயல்பாக நடப்பதன் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது.) நான் நான்கு முறை படித்துப் பார்த்தும் உவமை எதுவும் கண்ணில் படவில்லை. 'போல', 'அன்ன', 'புரைய' என்று ஓர் உருபும் இல்லை, உருபு மறைந்த உவமைத்தொகையாகக்கூட இல்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவர் எழுந்து, 'ஐயா, உவமை எந்த அடியில் இருக்கிறது?' என்று கேட்டபோது பேச்சை வேறு பக்கம் திருப்பிச் சமாளித்தேன். இந்த ஆண்டும் அப்படிச் செய்ய மனம் ஒப்பவில்லை. உவமை இல்லை, இயற்கைக் காட்சிக்குள் வேறு பொருளை மறைத்துச் சொல்லும் உள்ளுறை இல்லை, ஒரு பூவோ பறவையோ கடலோ இல்லை. ஆனாலும் தனிமையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட பாடல்களுள் இதைப் போல நெஞ்சில் நிற்பவை மிகச் சிலவே. அப்படியானால் இதன் நயம் எதனால் அமைகிறது?

யாப்பிலக்கி எழுதியது:

ஐயா, வழிகாட்டி நூல்களை விடுங்கள். அவற்றுக்குப் பாடல் எதுவாயினும் அணி இரண்டு வேண்டும். நீங்கள் தேடுவது சொல்லணியிலும் பொருளணியிலும் இல்லை, யாப்பிலும் தொடரமைப்பிலும் இருக்கிறது என்பது என் கருத்து. இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, சீர்களை எண்ணிப் பாருங்கள். முதல் அடியில் நான்கு, இரண்டாம் அடியில் நான்கு, மூன்றாம் அடியில் மூன்று, நான்காம் அடியில் நான்கு. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்திய அடி, முச்சீராய் வருவது நேரிசை ஆசிரியப்பாவின் பொது இலக்கணம்தான். இதை மட்டும் வைத்துப் பதுமனாரைப் புகழ முடியாது, நூற்றுக்கணக்கான சங்கப் பாடல்கள் இந்த அமைப்பில் வருகின்றன. ஆனால் அந்தக் குறைந்த அடியில் எதை வைத்தார் என்பது புலவரின் தேர்வு. 'நனந்தலை உலகமும் துஞ்சும்': பாட்டிலேயே மிகப் பெரிய பொருள், அகன்ற இடத்தையுடைய உலகம், பாட்டிலேயே மிகச் சிறிய அடிக்குள் அடங்கிவிடுகிறது. ஒற்றை ஆளான 'யான்' நான்கு சீர் நீளத்திற்கு விழித்திருக்கிறாள். வாய்விட்டுப் படிக்கும்போது மூன்றாம் அடி முடிந்ததும் காது நான்காம் சீரை எதிர்பார்க்கிறது, அது வருவதில்லை. அந்த ஒரு சீரளவு வெற்றிடத்திற்குப் பிறகு 'ஓர்யான்' என்று குரல் எழும்புகிறது.

இரண்டாவது, இரண்டாம் அடியின் முதற்சீரும் நான்காம் சீரும். 'இனிது', 'முனிவு'. ஒன்றாம் சீரும் நான்காம் சீரும் எதுகை கொள்ளும் ஒரூஉ எதுகை இது. ஓசையில் இணைந்த இந்த இரண்டு சொற்களும் பொருளில் நேர் எதிரானவை. ஒன்று இனிமை, மற்றது வெறுப்பு. ஊருக்கு இனிது, அவளுக்கு முனிவு. இதை நான் வலிந்து சொல்வதாக நீங்கள் நினைக்கலாம், ஏனெனில் பாடலில் முனிவு 'இன்று' என்றுதான் வருகிறது. ஆயினும் இல்லை என்று சொல்வதற்காகவேனும் அவள் அந்தச் சொல்லை நினைக்க வேண்டியிருந்தது.

ஏடுதூக்கி எழுதியது:

இரண்டாவது கருத்து எனக்கும் சற்று வலிந்ததாகவே படுகிறது, யாப்பிலக்கி அம்மா. ஆனால் 'முனிவின்று' என்பதைப் பற்றி வேறொன்று சொல்லலாம். அது எதனோடு சேர்கிறது? 'மாக்கள் முனிவின்று அடங்கினர்' என்று முன்னே கூட்டலாம். 'முனிவின்று உலகமும் துஞ்சும்' என்று பின்னே கூட்டிப் பொருள் கொள்ளும் உரையும் உண்டு. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்வதே தேவையில்லை என்று தோன்றுகிறது. செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறையான பொருள்கோள் எட்டினுள் தாப்பிசை என்று ஒன்றை நன்னூல் சொல்கிறது. இடையில் நிற்கும் சொல் ஊசலைப் போல முன்னும் பின்னும் சென்று பொருள் கொள்ளும். இரண்டாம் அடியின் கடைசியில் தொங்கும் இந்தச் சொல் அப்படித்தான் ஆடுகிறது. மனிதர்களுக்கும் வெறுப்பில்லை, உலகத்திற்கும் வெறுப்பில்லை. அப்படியானால் மிச்சமிருக்கும் வெறுப்பு முழுவதும் யாரிடம் சேர்ந்திருக்கிறது என்பதைப் பாடல் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

மாணவர்களுக்கு அணி என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமானால், 'துஞ்சும்', 'துஞ்சாதேன்' என்னும் முரணையே சொல்லுங்கள். மூன்றாம் அடியின் ஈற்றிலும் நான்காம் அடியிலும் ஒரே வினை, உடன்பாட்டிலும் எதிர்மறையிலும்.

மணிக்கூண்டு எழுதியது:

தாப்பிசை என்று எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஒரு கேள்வி. 'சொல் அவிந்து' என்பதை உருவகம் என்று கொள்ளலாமா? அவிதல் என்றால் விளக்கு அணைதல், தீ அணைதல். வீடு வீடாக விளக்கு அணைவதைப் போலப் பேச்சு ஒவ்வொன்றாக அணைந்தது என்ற படம் எனக்குத் தோன்றுகிறது. இதை வகுப்பில் சொன்னால் பிழையாகுமா?

வல்லைவெளி எழுதியது:

பிழை என்று சொல்ல மாட்டேன், ஆனால் எச்சரிக்கையாகச் சொல்லுங்கள், ஐயா. சங்க வழக்கில் அவிதல் என்பது ஒடுங்குதல், தணிதல் என்ற பொதுப்பொருளில் நிறையவே வருகிறது. விளக்கு அணைவது அதன் ஒரு பயன்பாடு. இன்று 'சொல் அவிந்து' என்று படிக்கும்போது நமக்கு விளக்கு நினைவுக்கு வருவது உண்மை; அன்றைய செவிக்கும் அது உருவகமாகவே பட்டதா, இயல்பான வினையாகவே பட்டதா என்பதை நாம் உறுதி செய்ய முடியாது.

அதைவிட வளமான ஓர் ஒப்பீடு இருக்கிறது. புறநானூறு 191ஆம் பாடலில், நரை இல்லாமல் இருப்பது எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொல்லும் மறுமொழியின் ஈற்றடிகளை நினைவுகூருங்கள்: 'ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர்யான் வாழும் ஊரே.' அங்கேயும் அவிதல், அடங்கல் என்ற அதே இரண்டு வினைகள் அடுத்தடுத்து வருகின்றன. அங்கேயும் ஓர் 'ஊர்' இருக்கிறது, ஒரு 'யான்' இருக்கிறது. ஆனால் அங்கே அவிந்து அடங்கியவர்கள் நடுவில் வாழ்வதால்தான் அந்த யானுக்கு நரையில்லை. இங்கே அவிந்து அடங்கியவர்கள் நடுவில் கிடப்பதால்தான் இந்த யானுக்கு உறக்கமில்லை. ஒரு புலவர் மற்றவரைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அக்காலத்தில் உயர்ந்தோரின் அமைதிக்கு வழங்கிய அதே சொற்களை ஊராரின் வெறும் உறக்கத்திற்குத் தலைவி பயன்படுத்துகிறாள். 'இனிது' என்ற அடைமொழியையும் சேர்த்துக்கொள்கிறாள். எனக்கு அது பாராட்டாகக் கேட்கவில்லை.

'சொல்' என்பதையும் விட்டுவிடக் கூடாது. அகப்பாடல்களில் ஊராரின் சொல் பெரும்பாலும் அலர், காதலைப் பற்றிய ஊர்ப்பழிப்பேச்சு. பகலெல்லாம் அவளைப் பற்றிப் பேசிய வாய்கள்தான் இப்போது அவிந்திருக்கின்றன. பேசினாலும் தொல்லை, பேசாமல் உறங்கினாலும் தொல்லை.

இரவுப்பணி எழுதியது:

நான் தமிழ் படித்தவன் அல்லன், பள்ளியோடு நின்றுவிட்டது. ஒரு மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாக இரவுப்பணி பார்க்கிறேன். பாட்டின் முதற்சொல்லைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 'நள்' என்பதை எல்லாரும் நடு என்று பொருள் சொல்லித் தாண்டிவிடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு மேல், பார்வையாளர்கள் போய், பணியாட்களும் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்த பிறகு, நடைக்கூடத்தில் ஓர் ஓசை இருக்கிறது. அது குளிர்பெட்டியின் ஓசையா, குழல்விளக்கின் ஓசையா, காதுக்குள்ளேயே எழுவதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓசை இல்லை என்பதைக் காது ஓர் ஓசையாகக் கேட்கிறது. அதற்கு 'நள்' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு அப்படியே நின்றுவிடுகிறது. மின்சாரம் இல்லாத காலத்தில் இந்தப் பெண் எதைக் கேட்டிருப்பாள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

யாப்பிலக்கி எழுதியது:

தம்பி, தமிழ் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு உரையாசிரியர்கள் சொன்னதையே சொல்லியிருக்கிறீர்கள். 'நள்' என்பதை ஒலிக்குறிப்பாகக் கொள்ளும் உரைகள் உண்டு. உங்கள் குறிப்பைத் தொடர்ந்து ஓர் இலக்கணச் செய்தி சொல்கிறேன். இந்தப் பாடலின் உயிரே இதில் இருப்பதாக நான் நினைக்கிறேன், சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'நள்ளென் யாமம்', 'நள்ளென் கங்குல்' என்பவை சங்க இலக்கியத்தில் தேய்ந்த தொடர்கள். நெடுநல்வாடையின் ஈற்றில் பாசறையில் உறங்காமல் திரியும் அரசனைப் பாடும்போதும் நக்கீரர் 'நள்ளென் யாமத்தும் பள்ளி கொள்ளான்' என்கிறார். அங்கெல்லாம் 'நள்ளென்' என்பது யாமத்திற்கு அடைமொழி. வழக்கமாக வந்து ஒட்டிக்கொள்ளும் ஒன்று. பதுமனார் அந்த அடைமொழியைப் பிடுங்கி வினைமுற்றாக்கிவிட்டார். 'நள்ளென்றன்றே யாமம்': நள் என்றது யாமம். (வகுப்பில் ஒருவராவது 'அன்று' என்பதை 'அல்ல' என்றோ 'அந்நாள்' என்றோ எடுத்துக்கொள்வார். இரண்டும் இல்லை, 'என்றன்று' என்பது 'என்றது' என்பதைப் போல இறந்தகால ஒன்றன்பால் முற்று.) எல்லாரும் அடையாகச் சொல்லிக் கடந்துபோகும் ஒன்றை அவள் தனி நிகழ்ச்சியாகக் கேட்டிருக்கிறாள். விழித்திருப்பவருக்கு மட்டுமே அது நிகழ்ச்சி.

இனி, தொடர்களின் வரிசையைப் பாருங்கள். 'நள்ளென்றன்றே யாமம்', 'அடங்கினரே மாக்கள்': முதல் இரண்டிலும் பயனிலை முன்னே, எழுவாய் பின்னே. 'உலகமும் துஞ்சும்', 'யான் துஞ்சாதேன்': பின்னிரண்டிலும் எழுவாய் முன்னே, பயனிலை பின்னே. பாட்டு பாதியில் திரும்புகிறது. அப்படித் திரும்பியதால்தான் 'ஓர்யான்' கடைசி அடியின் தலையில் வந்து நிற்க முடிகிறது. முதல் இரண்டு தொடர்களின் போக்கிலேயே போயிருந்தால் 'துஞ்சாதேனே யான்' என்று அவள் அடியின் வாலில் ஒடுங்கியிருப்பாள்.

காலத்தையும் கவனியுங்கள். 'என்றன்று', 'அடங்கினர்' இரண்டும் இறந்தகாலம், நடந்து முடிந்தவை. 'துஞ்சும்' முடியவில்லை, இப்போதும் துஞ்சுகிறது, இனியும் துஞ்சும். 'துஞ்சாதேன்' என்பதில் காலமே இல்லை. எதிர்மறை ஆகாரம் மூன்று காலத்திற்கும் பொது. யாமம் தொடங்கிய நேரத்தைச் சொல்ல முடிகிறது, ஊர் அடங்கிய நேரத்தைச் சொல்ல முடிகிறது. தன் விழிப்பு எப்போது தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதோடு அவள் 'துஞ்சேன்' என்று முற்றாகச் சொல்லவில்லை. 'துஞ்சாதேன்' என்பது வினையாலணையும் பெயரின் வடிவம்: உறங்காதவள். அது இப்போது ஒரு செயலின் இன்மையாக நிற்கவில்லை, அவளுக்குப் பெயராகிவிட்டது.

ஏடுதூக்கி எழுதியது:

காலத்தைப் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். எழுவாய், பயனிலை வரிசையை நான் இத்தனை ஆண்டுகளில் கவனித்ததே இல்லை. கடைசிச் செய்தியில் மட்டும் ஒரு தடை. 'துஞ்சேனே' என்று போட்டால் ஈற்றடி 'ஓர்யான் மன்ற துஞ்சேனே' என்று மூன்று சீராகிவிடும். நாற்சீர் நிரம்ப 'துஞ்சா தேனே' தேவைப்பட்டது. வகையுளி செய்து, அதாவது ஒரே சொல்லை ஓசைக்காகப் பிளந்து, இரண்டு சீராகப் பிரித்துக்கொண்டார். யாப்பின் தேவையைக் கவிஞரின் நுட்பமாக நாம் மாற்றிப் படிக்கிறோமோ?

யாப்பிலக்கி எழுதியது:

இருக்கலாம். ஆனால் நான்காம் சீரை நிரப்ப அவருக்கு வேறு சொல்லே கிடைத்திருக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை. 'தோழி' என்ற ஒரு விளி போதுமே. அதைப் போடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

வல்லைவெளி எழுதியது:

அந்த விளி இல்லாமை பற்றி நானும் எழுத நினைத்தேன். அதற்கு முன் 'மாக்கள்' பற்றி ஒரு சொல், ஏனெனில் இது தேர்வுத்தாளில் தவறாமல் வரும். 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்ற தொல்காப்பிய நூற்பாவைக் காட்டி, உறங்குபவர்களைத் தலைவி விலங்குகள் என்று இகழ்கிறாள் என்று எழுதுகிறார்கள். பழைய வழக்கில் மாக்கள் என்ற சொல் எல்லா இடத்திலும் இகழ்ச்சியாக வரவில்லை. மணிமேகலையில் 'ஆற்றா மாக்கள் அரும்பசி களைவோர்' என்று வரும்போது பசித்தவர்களை விலங்கு என்றா சாத்தனார் சொல்கிறார்? இகழ்ச்சி இருக்கலாம், ஆனால் சூழலிலிருந்து அது பிறக்க வேண்டும். நூற்பாவை ஒட்டவைத்து அதை உண்டாக்க முடியாது.

திணையைப் பற்றியும் மாணவர்கள் கேட்பார்கள். யாமம் குறிஞ்சிக்கு உரிய சிறுபொழுது, நெய்தலுக்கு எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். பாட்டில் கடலும் இல்லை, கழியும் இல்லை, நிலத்துக்குரிய மரம், பறவை போன்ற கருப்பொருள் ஒன்றுகூட இல்லை. இருந்தும் நெய்தல் என்று வகுத்தது இரங்கல் என்ற உரிப்பொருள், அதாவது திணைக்குரிய உணர்வு ஒன்றை மட்டும் வைத்துத்தான். முதல் (நிலமும் பொழுதும்), கரு, உரி மூன்றனுள் பின்னது பின்னது சிறந்தது என்று தொல்காப்பியம் சொல்வதற்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு கிடைக்காது. நெய்தல் பாட்டில் நெய்தல் நிலமே இல்லாதது குறையாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சாய்ந்து அழ ஒரு புன்னை மரம், சாட்சிக்கு ஒரு நாரை என்று ஏதாவது இருந்திருந்தால் அது ஒரு துணையாகிவிட்டிருக்கும். கபிலரின் 25ஆம் பாடலில் 'யாரும் இல்லை' என்று தொடங்கும் தலைவிக்குக்கூட ஆரல் மீன் பார்த்து நிற்கும் ஒரு குருகு இருக்கிறது. இவளுக்கு அதுவும் இல்லை.

மணிக்கூண்டு எழுதியது:

அப்படியென்றால் உவமை இல்லாததே இதன் உத்தி என்று சொல்லலாம் போலிருக்கிறது. ஒன்றைப் போல இன்னொன்று என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் இன்னொன்று இருக்க வேண்டும் அல்லவா? அந்த மாணவருக்குச் சென்ற ஆண்டே இதைச் சொல்லியிருக்கலாம்.

திருக்குறளின் 1168ஆம் குறளையும் கூடவே நடத்தலாமா? 'மன்னுயிர் எல்லாம் துயிற்றி அளித்திரா என்னல்லது இல்லை துணை.'

யாப்பிலக்கி எழுதியது:

கட்டாயம் நடத்துங்கள்; ஆனால் ஒப்புமைக்காக வேண்டாம், வேற்றுமைக்காக நடத்துங்கள். குறளின் தலைவி இரவை ஓர் ஆளாக்கிவிடுகிறாள். எல்லா உயிரையும் தூங்கவைத்துவிட்டு, பாவம், தன்னந்தனியாக இருக்கும் இந்த இரவுக்கு என்னை விட்டால் துணையில்லை என்கிறாள். தன் தனிமையை இரவின் மேல் ஏற்றி, தான் துணையாகிவிடுகிறாள். அதில் ஓர் ஆறுதலும் மெல்லிய நகையும் இருக்கின்றன. தற்குறிப்பேற்றம் என்ற சொல்லை அந்த வழிகாட்டி இந்தக் குறளுக்குப் போட்டிருந்தாலாவது பேசிப் பார்த்திருக்கலாம். பதுமனாரின் யாமம் யாருக்கும் துணை இல்லை. அது நள் என்கிறது, அவ்வளவுதான்.

இரவுப்பணி எழுதியது:

தோழியைப் பற்றி யாரோ சொல்ல வந்து பாதியில் விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் புரியவில்லை. தோழியிடம் சொல்கிறாள் என்றால் பக்கத்தில் ஒருத்தி விழித்திருக்கிறாள்தானே? பிறகு 'ஓர்யான்' எப்படிச் சரியாகும்?

வல்லைவெளி எழுதியது:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். துறைக்குறிப்புகள் பாடல்களுக்குப் பிற்காலத்தில் எழுதப்பட்டவை என்பதே அறிஞர் பலரின் கருத்து. பாட்டுக்குள் தோழி இல்லை. துறையை ஏற்றுக்கொண்டு படித்தால் இரண்டு வழி. ஒன்று, மறுநாள் காலையில் இரவின் கதையைச் சொல்கிறாள். 'துஞ்சும்' என்ற காலம் அதற்கு இடம் தரவில்லை. மற்றொன்று, அதே இரவில், பக்கத்தில் படுத்திருக்கும் தோழியைப் பார்த்துச் சொல்கிறாள். அப்போது 'ஓர்யான்' என்பது தோழியின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு. உறங்குபவர்களின் கூட்டத்தில் நீயும் ஒருத்தி. 'மன்ற' என்ற இடைச்சொல் இங்கே பொருளோடு நிற்கிறது. 'மன்றவென் கிளவி தேற்றம் செய்யும்' என்பது நூற்பா. உறுதியாக, ஐயமின்றி, நான் ஒருத்தி மட்டும்: எதிரே ஒருத்தியை வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் அவளையும் எண்ணிக்கையிலிருந்து நீக்கியதாகிறது.

ஏடுதூக்கி எழுதியது:

அல்லது விழித்திருக்கும் தோழியின் முகத்துக்கு எதிரேயே சொல்கிறாள். நீ கண் திறந்திருந்தாலும் இந்த விழிப்பு உன்னுடையது அன்று என்பதாக. எனக்கு இதுவே இன்னும் கொடியதாகப் படுகிறது. வல்லைவெளி ஐயா ஒப்ப மாட்டார்.

வல்லைவெளி எழுதியது:

ஒப்பவில்லை. பாட்டில் அதற்குச் சொல் இல்லை.

மணிக்கூண்டு எழுதியது:

நேற்று வகுப்பு முடிந்தது. செய்தி சொல்ல வந்தேன். உங்கள் விவாதத்தைப் படித்த பிறகு ஒரு முடிவு செய்தேன். திணை, துறை, பாடியவர் பெயர் எதையும் எழுதாமல் நான்கு அடிகளை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, 'இவள் யாரிடம் பேசுகிறாள்?' என்று மட்டும் கேட்டேன். அதற்கு முன் யாப்பிலக்கி அம்மா சொன்னபடி விரல் மடக்கிச் சீர்களை எண்ணவைத்தேன்; மூன்றாம் அடியில் நான்காம் விரல் மடங்காமல் நின்றபோது பின்வரிசையில் இரண்டு பேர் நான் எழுத மறந்துவிட்டதாக நினைத்துக் கை தூக்கினார்கள்.

கேள்விக்குப் பெரும்பாலோர் 'தனக்குத்தானே' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் இரவிடம் என்று எழுதினார்கள்; அவர்களுக்குக் குறளைப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு மாணவி, 'பக்கத்தில் தூங்குகிறவளிடம். அவளை எழுப்புவதற்காகச் சத்தமாகச் சொல்கிறாள். அவள் எழவில்லை' என்று எழுதியிருந்தாள். சத்தமாக என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, 'மூன்று ஏ இருக்கிறதே, ஐயா. றன்றே, கினரே, தேனே. கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது' என்றாள். ஏகாரம் அசைநிலை, அதற்குத் தனிப்பொருள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்; சொல்லவில்லை.

வல்லைவெளி எழுதியது:

சொல்லாமல் விட்டது நல்லது. அந்தப் பிள்ளைக்கு 28ஆம் பாடலைக் கொடுங்கள், ஐயா; ஔவையார் பாடியது. 'முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்' என்று தொடங்கி, தன் நோய் அறியாமல் துஞ்சும் ஊரைப் பார்த்து 'ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்' என்று கேட்கும் பாட்டு. அளபெடையை எழுத்திலேயே போட்டிருக்கிறார்.